தீர்ப்பைத் தள்ளிப்போடும் கலை

ஓவியம் தீட்டக் கற்றுக்கொடுக்கலாம், வீணை வாசிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ரசிப்பதற்குமா ஒரு வகுப்பு, அதற்கொரு பாடத்திட்டம், முடிவில் ஒரு சான்றிதழ்? ஆர்ட் அப்ரிசியேஷன் கோர்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு உள்ளூர ஒரு சிரிப்பு எழுகிறது. ஆனால் இத்தகைய வகுப்புகள் நெடுங்காலமாக நடந்துதான் வருகின்றன. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி வளர்ந்த கல்வி நிறுவனம் கலை ரசனைக்கென்றே குறுகியகாலப் படிப்புகளை நடத்தியிருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் சேர்ந்து நடத்திய சினிமா ரசனை வகுப்பில் பயின்றவர்கள் நாடெங்கும் ஃபிலிம் சொசைட்டிகளில் இருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் கணக்குப் பதிவியல் படிப்பவரும் ஒரு பருவம் கலை ரசனைப் பாடம் எடுக்கலாம். இங்கெல்லாம் சேர்ந்து வெளியே வருகிறவர் கையில் என்னதான் இருக்கிறது? பல்லவர் முதல் பிக்காசோ வரையிலான காலவரிசை, இருபது முப்பது கலைச்சொற்கள், நாலுபேர் நடுவில் பேச ஒரு தைரியம். இவ்வளவுதான் என்றால் அந்தச் சிரிப்பு நியாயமானதே. என் வாதம் வேறு. நல்ல ரசனை வகுப்பு கொடுப்பது தகவலும் அல்ல, உயர்ந்தது எது என்ற தீர்ப்பும் அல்ல. மனம் உடனே சொல்லத் துடிக்கிற தீர்ப்பைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும் பழக்கத்தைத்தான் அது கொடுக்கிறது. மற்றதெல்லாம் அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் வர வேண்டியவை.

அந்தப் பழக்கம் இயல்பாக நமக்கு இல்லை என்பதற்குக் கணக்கே இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பின் முன்னால் பார்வையாளர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து, அந்த ஆய்வை 2001-இல் வெளியிட்டார்கள். சராசரி 27 நொடி. இடைநிலை அளவாக எடுத்தால் 17 நொடிதான், அதாவது பாதிப்பேர் அதற்கும் முன்பே நகர்ந்துவிட்டார்கள். இவர்கள் யாரும் கலையை வெறுப்பவர்கள் அல்லர். பயணம் செய்து, நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள். பதினேழு நொடியில் நடப்பது அடையாளம் காண்பது. இது வான்கோ, இது ரெம்பிராண்ட் என்று மனம் பெயரைச் சொன்னதும் கண் தன் வேலை முடிந்தது என்று விலகிக்கொள்கிறது. நம்மூரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குள் நுழைகிற தமிழருக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை. நடராசர், சோமாஸ்கந்தர், ராமர், ஆண்டாள் என்று அடையாளம் தெரிந்த உருவங்கள்தான் எல்லாம். ஒரு நொடியில் பெயர் தெரிந்துவிடுகிறது. பெயர் தெரிந்துவிட்டதாலேயே உருவம் பார்க்கப்படாமல் போகிறது. அறியாமையைவிடப் பழக்கமே பார்வைக்குப் பெரிய தடை என்பதை இந்தக் கூடம்போல் காட்டும் இடம் வேறில்லை.

இதற்கு மருந்தாக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி புகழ்பெற்றது. ஒரே ஒரு ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகுதான். அவ்வளவு நேரம் பார்க்க ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று மாணவர்கள் முதலில் முரண்டுபிடிப்பார்களாம். அவரே அதைச் செய்துபார்த்து எழுதியிருக்கிறார். படம், ஜான் சிங்கிள்டன் காப்லி 1765-இல் தீட்டிய, பறக்கும் அணிலோடு இருக்கும் சிறுவனின் ஓவியம். சிறுவனின் காது வடிவமும் அணிலின் வயிற்றோர ரோமத்தின் வளைவும் ஒன்றுக்கொன்று எதிரொலிப்பதைக் காண அவருக்கு 9 நிமிடம் ஆனது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் இடைவெளியும் கீழே இருக்கும் தண்ணீர்க் குவளையின் விட்டமும் ஒரே அளவு என்பது தெரிய 21 நிமிடம். பின்னாலுள்ள திரையின் மடிப்புகளில் அந்தக் காதும் கண்ணும் மறுபடி வரையப்பட்டிருப்பதை உணர 45 நிமிடம். இவற்றில் எதுவும் மறைத்து வைக்கப்பட்டதல்ல. எல்லாம் முதல் நொடியிலிருந்தே கண்முன் இருந்தவை. கலை பயின்ற ஒருவரின் கண்ணே அவற்றைச் சேர்த்துப் பார்க்க அவ்வளவு நேரம் கேட்கிறது என்றால், பதினேழு நொடியில் நாம் சொல்லும் 'நல்லா இருக்கு', 'ஒண்ணும் புரியலை' என்ற இரண்டுக்கும் என்ன மதிப்பு?

இதே பயிற்சியை நம் மண்ணின் ஒரு படைப்பில் செய்துபார்க்கலாம். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில், திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர் நிற்கிறார். சிவன் என்று அடையாளம் கண்டு நகர்ந்துவிடாமல் நின்றால், முதலில் கண்ணில் படுவது ஒரு குறை. வலது கை முழங்கையில் மடங்கி, பக்கவாட்டில் நீண்டு, எதன்மீதோ சாய்ந்திருப்பதுபோல் தெரிகிறது. அந்த எதுவோ அங்கே இல்லை. காளை காணாமல் போய்விட்டது. இப்போது ரசனை ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த நூற்றாண்டு என்பதல்ல. காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்பது. அதற்கு விடை தேடும் மாணவர் கையை மட்டும் பார்த்தால் போதாது. தோள் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, விரல்கள் எடையைத் தாங்குகின்றனவா அல்லது சும்மா தொங்குகின்றனவா, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, குறுக்கே வைத்த பாதம் தரையை ஊன்றுகிறதா தொடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்க வேண்டும். கால்கள் குறுக்காக நிற்பதால் உடல் முழு எடையையும் தானே சுமக்கவில்லை என்று தோன்றும். ஆனால் கையிலும் அழுத்தம் இல்லை. ஆக, காளைமீது அவர் சாயவில்லை. நெடுநாள் பழகியவர் தோளில் கைபோடுவதுபோல் கையை வைத்திருக்கிறார். இல்லாத காளையின் உயரத்தை மட்டுமல்ல, அதனோடு அவருக்கிருந்த நெருக்கத்தையும் அந்த ஒரு கை சொல்லிவிடுகிறது.

பிறகு தலை. முதல் பார்வைக்கு அது தலைப்பாகை. அடுத்த பார்வையில் துணியின் மடிப்பென்று நினைத்தது சடைப் புரிகள் என்று தெரிகிறது. சடையையே முண்டாசாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார். இன்னும் நின்றால், சுற்றிய புரிகளுக்கு நடுவே பாம்பு நெளிகிறது. இந்த மூன்று பார்வைகளுக்கும் உருவம் ஒன்றுதான். மாறிக்கொண்டே வந்தது பார்ப்பவரின் பொறுமை. கை, கால், தலை எல்லாவற்றையும் இப்படிக் கணக்கெடுத்த பிறகு தகவலைக் கொண்டுவந்தால் அது வேறு ஒளியில் வந்து உட்காரும். திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டை வைத்து இந்தப் படிமத்துக்கு 1011 என்று காலம் குறிக்கிறார்கள், முதலாம் ராஜராஜனின் ஆட்சிக்காலம். தேவியின் படிமம் அதற்கு அடுத்த ஆண்டு சேர்ந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து முடிந்த அதே ஓரிரண்டு ஆண்டுகள். மலைபோல் கல்லை அடுக்கிய காலமே, எடையில்லாமல் ஒரு கையை நிறுத்தவும் தெரிந்துவைத்திருந்தது. ராஜராஜன், 1011, சோழர் கலை என்று முதலிலேயே எழுதிப்போட்டிருந்தால் இந்த முரண் தோன்ற இடமே இருந்திருக்காது. தகவலே பார்வையின் வேலையை முடித்துவைத்திருக்கும்.

இங்கேதான் பல ரசனை வகுப்புகள் சறுக்குகின்றன. இருட்டறையில் ஒரு மணி நேரத்தில் அறுபது படங்கள் திரையில் ஓடுகின்றன. பெயர், காலம், அரச மரபு, கிடைத்த இடம் என்று மாணவர் குறிப்பெடுக்கிறார். தேர்விலும் படத்தைக் காட்டி அதையேதான் கேட்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் அது சுற்றுலாப் பயணியின் வேகம்தான். பக்கத்தில் ஒரு பேராசிரியர் இருக்கிறார் என்பது மட்டுமே வித்தியாசம். கைவினையின் நுட்பம் சொல்லித்தரும் பகுதியும் இப்படியே வீணாவதுண்டு. மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்வார்கள், அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவார்கள், சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள், அச்சை உடைத்தால்தான் படிமம் வெளியே வரும், ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே உருவம் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். ஆனால் அந்த அறிவு கண்ணுக்கு இறங்க வேண்டும். சோழர் காலத்தில் ஆபரணத்தின் நுணுக்கம் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்துவிட்டது என்பதும், இன்று சுவாமிமலைப் பட்டறைகளில் வார்ப்புக்குப் பிறகு உளிவேலை அதிகம் என்பதும் அறிஞர்கள் சொல்வது. இதைத் தெரிந்துகொண்டவர் ஓர் ஒட்டியாணத்தின் விளிம்பைப் பார்த்து, இது மெழுகின் மென்மையா, உளியின் கூர்மையா என்று கேட்க வேண்டும். மென்மைக்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். நூற்றாண்டுகளாகச் செய்த அபிஷேகத்திலும் துடைத்த கைகளிலும் முகம் தேய்ந்திருக்கலாம். மழுங்கல் ஒன்று, காரணம் இரண்டு. இரண்டையும் பிரித்தறிய முயலும்போதுதான் நுட்பம் பாடமாகிறது. அதுவரை அது வெறும் செய்முறைக் குறிப்பு.

இப்படியொரு வகுப்பு வேண்டும் என்பதற்கு மறுப்புகள் உண்டு. ரசனை பிறவியில் வருவது, வகுப்பில் வருவதல்ல என்பது முதல் மறுப்பு. இதற்குத் தொல்காப்பியத்தையே துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் காதாலும் திண்மையாக உணரும் உணர்வு உடையவர்க்கல்லாமல் மற்றவர்க்கு இந்தப் பொருள் பிடிபடாது என்கிறது. உணர்வு உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டு வகை மனிதர்களைத் தொல்காப்பியர் பிரித்துவிட்டார், பிறகு வகுப்பு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்த நூற்பா பேசுவது பொதுவான நுண்ணுணர்வை மட்டுமல்ல. கண், காது என்று புலன்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அவை உறுதியாக உணர வேண்டும் என்கிறது. அந்த உறுதி பிறவியிலேயே வந்தாக வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. வடமொழி மரபில் அபிநவகுப்தர் இன்னும் வெளிப்படையாகவே, காவியங்களில் தொடர்ந்து பயின்று மனக்கண்ணாடியைத் துலக்கிக்கொண்டவனே ரசிகன் என்ற கருத்தைச் சொல்கிறார். துலக்குவது பயிற்சி, ஒருநாளில் முடிவதும் அல்ல. பிறவியில் கூர்மை கூடக் குறைய இருக்கலாம். அது எல்லாத் துறைக்கும் பொது. சிலருக்குக் கணக்கு எளிதாக வருகிறது என்பதற்காகக் கணக்கு வகுப்பை யாரும் மூடிவிடுவதில்லை.

பயிற்சியின்மை என்ன செய்யும் என்பதற்கு 1910-இல் லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி சாட்சி. சென்னைக் கலைப் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்து, பிறகு கல்கத்தாவுக்குச் சென்று, இந்தியச் சிற்பத்துக்காக வாதாடிய ஈ.பி. ஹாவெல் அங்கே ராயல் கலைச் சங்கத்தில் உரையாற்றினார். தலைமை வகித்தவர் ஜார்ஜ் பேர்ட்வுட். அவர் ஒன்றும் அறியாதவரல்லர். பெல்காமில் பிறந்தவர், பம்பாயில் மருத்துவப் பணியில் இருந்தவர், இந்தியக் கைத்தொழில் கலைகள் பற்றி 1880-இல் பெரிய நூலே எழுதியவர். நம் நெசவையும் பாத்திரங்களையும் மனமாரப் போற்றியவர். அப்படிப்பட்டவர் ஜாவா நாட்டுப் புத்தர் உருவம் ஒன்றைச் சுட்டி, சாந்தத்துக்குக் குறியீடாக இதை வைப்பதும் கொழுப்பு சேர்த்து வேகவைத்த ஒரு புட்டிங்கை வைப்பதும் ஒன்றுதான் என்ற பொருளில் ஏளனம் செய்தார். ஓவியர் வில்லியம் ரோதென்ஸ்டைன் முதலான 13 கலைஞர்களும் விமர்சகர்களும் டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதி இதை மறுத்தார்கள். அதே ஆண்டு லண்டனில் இந்தியக் கலையைப் போற்ற இந்தியா சொசைட்டி தோன்றியது. பேர்ட்வுட்டிடம் தகவலுக்குப் பஞ்சமில்லை, நாட்டின்மீது அன்புக்கும் பஞ்சமில்லை. கிரேக்க உடலில் தசைநார் தெரிவதுபோல் இங்கே தெரியவில்லையே என்ற ஒரு தீர்ப்பு, கண் திறக்கும் முன்பே வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. அதைக் கொஞ்சம் எழுப்பி நகர்த்தி வைக்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இதற்கு நேரெதிர் பிரெஞ்சுச் சிற்பி ரொதான். திருவாலங்காட்டு நடராசர், இன்று எழும்பூரில் இருக்கும் அதே படிமம், அவருக்குப் புகைப்படங்களாகத்தான் கிடைத்தது. கீழைக்கலை ஆய்வாளர் விக்டர் கோலுபேவ் அனுப்பிய அந்தப் படங்களைப் பார்த்து 1913-இல் ரொதான் எழுதிய குறிப்புகள், அவர் இறந்தபின் 1921-இல் ஆர்ஸ் ஏஷியாட்டிகா தொகுதியில் வெளிவந்தன. அதே தொகுதியில் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமியும் ஹாவெலும் எழுதியிருக்கிறார்கள். ரொதானுக்குச் சைவ சித்தாந்தம் தெரியாது, முயலகன் யாரென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் செய்தது, உருவத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது, சதை எங்கே அடங்கி எங்கே எழுகிறது என்று தடவிக்கொண்டே போனதுதான். ஆயுள் முழுக்கக் களிமண்ணில் பழகிய கண் அது. நடராசத் தத்துவத்தின் பொருளை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் குமாரசாமி. அவருடைய சிவநடனக் கட்டுரைத் தொகுதி 1918-இல் வந்தது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலையும் உருவத்தில் வாசிக்க அவர் வேண்டும். ஆனால் அந்த வாசிப்பு, எல்லா நடராசருக்கும் பொது. நேற்று வார்த்த ஒரு கடைப் பொம்மைக்கும் அதே ஐந்தொழில்தான். திருவாலங்காட்டு நடராசர் மட்டும் ஏன் நம்மை நிறுத்துகிறார் என்பதற்கு விடை ரொதானின் வழியில்தான் கிடைக்கும். தத்துவம் வகையைச் சொல்லும், கண்தான் இந்த ஒன்றைச் சொல்லும். வகுப்புக்கு இரண்டும் வேண்டும். எது முதலில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அலசினால் ஆனந்தம் செத்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரசனை வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வறட்டுப் பருவம் வருகிறது. படத்தைப் பார்த்தால் முக்கோணமும் மூலைவிட்டமும் தெரிகின்றன, படம் தெரிவதில்லை. சினிமா பயின்றவர் திரையரங்கில் காட்சி வெட்டப்படும் இடங்களை எண்ணிக்கொண்டிருப்பார். ஆனால் அது முடிவல்ல, நடுவழி. புனேயில் சினிமா ரசனை கற்பித்த சதீஷ் பகதூர், பதேர் பாஞ்சாலியை ஒவ்வொரு ஷாட்டாகப் பிரித்துக் காட்டியதற்காகவே நினைக்கப்படுகிறார். அந்தப் படம் அவர் மாணவர்களுக்கு அத்தோடு செத்துவிடவில்லை. காரணம் எளிது. சாகிற ஆனந்தம் பெரும்பாலும் எதிர்பாராததைக் கண்ட வியப்பு; எப்படியும் இரண்டாம் முறையில் அது இருக்காது. அதற்குப் பதிலாக வருவது, இப்படிச் செய்யாமல் வேறு எப்படியெல்லாம் செய்திருக்கலாம் என்று தெரிந்தபிறகு, இப்படித்தான் செய்தார்கள் என்பதில் எழும் வியப்பு. கச்சேரியில் ராகம் தெரியாதவர் மயங்கலாம். ராகம் தெரிந்தவர், பாடகர் அடுத்து எந்தச் சுரத்தில் நிற்பார் என்று எதிர்பார்த்து, அவர் அங்கே நிற்காமல் நழுவும்போது ஒரு 'ஆஹா' சொல்கிறாரே, அந்த ஆஹா முன்னவருக்குக் கிடைக்காது. அலசலுக்கு அஞ்சிச் சாகும் ஆனந்தம் போகட்டும். தாங்கி நிற்பதுதான் நெடுநாளைக்கு வரும்.

மூன்றாவது மறுப்பு நம் மண்ணுக்கே உரியது. இந்தப் படிமங்கள் பார்ப்பதற்குச் செய்தவை அல்ல, கும்பிடச் செய்தவை. கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி இடுப்பின் வளைவைப் பேசுவது அவற்றின் இயல்புக்கே விரோதம். வலுவான வாதம். உண்மையில், அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பதுபோல் வெற்றுருவாக ஓர் உற்சவரைச் சாதாரண பக்தர் பார்க்கும் வாய்ப்பு அபிஷேக நேரம் தவிர அரிது. பட்டும் மாலையும் நகையும் சாத்திய பின் முகமும் கைகளும்தான் தெரியும். அப்படியிருக்க, யார் கண்ணிலும் படாத முதுகையும், பின்கழுத்தில் புரளும் குழல்சுருளையும் அந்தக் கம்மியர் ஏன் முன்பக்கத்துக்கு இணையாகச் செய்தார்? இந்தக் கேள்வியே நின்று பார்த்ததால் எழுவது. அது மாணவரைப் பக்தியிலிருந்து விலக்காது; யாருக்குப் படைத்தார்கள் என்ற இடத்துக்கே கொண்டுபோய் விடும். பீடத்தில் இருக்கும் துளைகளும் வளையங்களும் அப்படித்தான். தண்டு கோத்துத் தோளில் தூக்கி வீதி உலா வந்தவர் இவர் என்று தெரிந்ததும், அசையாமல் நிற்கும் உருவத்தின் அந்த மெல்லிய ஒடிவு, பல்லக்கில் அசைந்துவரும்போது எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை பிறக்கிறது. வகுப்பு செய்யக்கூடிய தவறு ஒன்றுண்டு: வெற்றுருவே முழு உண்மை என்றும், அலங்காரம் அதை மறைக்கும் திரை என்றும் நினைத்துவிடுவது. அலங்காரம் தனிக்கலை. குருக்களின் கைநுட்பத்தையும் பாடத்தில் சேர்க்கிற வகுப்பே நம் சூழலுக்குப் பொருந்தும்.

நான்காவது மறுப்புதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. ரசனை என்பதே மேல்தட்டின் முத்திரை. வகுப்புக்குப் போகிறவர் கலையைக் கற்கவில்லை, அந்தத் தட்டில் ஏறும் நடையுடை பாவனையைக் கற்கிறார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு, ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு யார் வருகிறார்கள் என்று ஆராய்ந்து 1966-இல் ஒரு நூலை அலான் தார்பெலோடு சேர்ந்து வெளியிட்டார். 1979-இல் ரசனையும் வர்க்கமும் பின்னிக் கிடப்பதைப் பற்றி அவருடைய பெருநூல் வந்தது. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தாலும் உள்ளே நுழைபவர் பெரும்பாலும் படித்த குடும்பத்தவரே என்பதும், வீட்டிலும் பள்ளியிலும் கற்றதைப் பிறவி நாட்டமாகக் காட்டிக்கொள்வதே அவர்களுடைய சாமர்த்தியம் என்பதும் அவர் கண்டது. இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் அது வகுப்புக்கு எதிராகத் திரும்புவதில்லை. மாறாக, வகுப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. ரசனை கற்று வருவது, ஆனால் கற்றதாகக் காட்டாமல் ஒரு சாரார் கைமாற்றிக்கொள்வது என்றால், அதை வெளிப்படையாக, படிப்படியாக, யாரும் கேட்டு எழுதிக்கொள்ளும்படி சொல்லிக்கொடுப்பதுதான் அந்த ரகசியத்தை உடைக்கும் வழி. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. கலைச்சொல்லை உதிர்க்கச் சொல்லிக்கொடுத்தால் பூர்தியு சொன்னதே நடக்கும். கண்ணால் கண்டதை வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லிக்கொடுத்தால் நடக்காது. 'இடுப்பு இப்படி ஒடியுது, அதனால இந்தத் தோள் இறங்குது' என்று சொல்லத் தெரிந்த மாணவருக்குத் திரிபங்கம் என்ற சொல் பிறகு வந்தால் போதும்.

தீர்ப்பைத் தள்ளிப்போடும் இந்த ஒழுக்கம் கலைக்கு வெளியிலும் செல்லுபடியாகும் என்பதற்கு ஒரு சோதனை நடந்திருக்கிறது. யேல் மருத்துவப் பள்ளியில் தோல்நோய் மருத்துவர் இர்வின் பிரேவர்மன், அருங்காட்சியகக் கல்வியாளர் லிண்டா ஃப்ரீட்லேண்டருடன் சேர்ந்து, மருத்துவ மாணவர்களைப் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்துக்கு அழைத்துப்போய் ஓவியங்களின் முன் நிறுத்தினார். கண்டதை முதலில் விவரிக்க வேண்டும், விளக்கம் அப்புறம். அதன்பின் நோயாளிகளின் படங்களைக் காட்டிச் சோதித்தபோது, இந்தப் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனித்தார்கள். முடிவுகள் 2001-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயின. முன்னேற்றம் மலையளவு அல்ல, ஆனால் அளந்து காட்டத்தக்கது. நோயின் பெயர் தோன்றியதும் நோயாளியைப் பார்ப்பதை நிறுத்திவிடும் மருத்துவரும், நடராசர் என்றதும் நகர்ந்துவிடும் பார்வையாளரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இதைச் சொல்வது கலைக்கு ஒரு பயன்பாட்டுச் சான்றிதழ் வாங்கித்தர அல்ல. பார்ப்பது பிறவிக் கொடையோ நடையுடையோ மட்டுமல்ல, பயிற்சியால் கூடுகிற ஒரு திறன் என்பதற்குக் கலைக்கு வெளியே கிடைத்த சாட்சி இது, அவ்வளவே.

கடைசி மறுப்பு, ஆசிரியரைப் பற்றியது. ரசனை கற்றுக்கொடுக்கிறேன் என்று தொடங்குபவர் தன் ரசனையைத்தானே கற்றுக்கொடுப்பார்? தமிழில் இதற்கு நம்மிடமே பெரிய உதாரணம் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தன் வீட்டு முற்றமான வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டி, பிறகு குற்றாலத்தில் வருவோரையெல்லாம் உட்கார வைத்து, கம்பனின் ஒரு பாடலைத் திரும்பத் திரும்ப ஓசையோடு சொல்லி, அவசரப்படாமல் அனுபவிக்கக் கற்றுக்கொடுத்தார். ராஜாஜியும் கல்கியும் அந்த ரசனையில் தோய்ந்தவர்கள். உரையாசிரியர்களின் பதவுரைக்குள் சிக்கியிருந்த கவிதையைக் காதுக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர். தமிழின் முதல் ரசனை வகுப்பு அந்தத் தொட்டிதான் என்றால் மிகையில்லை. அதே டி.கே.சி., தன் காதுக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பன் பாடியிருக்க முடியாது, இடைச்செருகல் என்று ஒதுக்கினார். பாடல் வரிகளில் திருத்தமும் செய்தார். கேட்கக் கற்றுக்கொடுத்த அதே ஆசிரியர், எதைக் கேட்க வேண்டும் என்ற தீர்ப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். முதலாவது கொடை, இரண்டாவது சுமை. வாங்கிக்கொண்டவர்களில் சிலர் இரண்டையும் பிரிக்கவில்லை. ஆனால் பிரிக்க முடியும் என்பதுதான் விஷயம். ஓசையைக் கவனிக்க அவரிடம் கற்ற ஒருவர், அவர் ஒதுக்கிய பாடலை எடுத்து, அதே ஓசையைக் காட்டி, இது கம்பன்தான் என்று அவரோடு வாதாட வழி இருக்கிறது. முறை கைக்கு வந்தபிறகு ஆசிரியரின் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

ஆகவே ஒரு ரசனை வகுப்பு வெற்றி பெற்றதா என்பதை, மாணவர் எத்தனை படைப்புகளை விரும்பத் தொடங்கினார் என்று கணக்கிடக் கூடாது. எல்லாவற்றையும் விரும்புகிறவர் எதையும் பார்க்காதவராக இருக்கக்கூடும். மூன்று மணி நேரம் ஒரு படத்தின் முன் உட்கார்ந்து எழுந்தவர், எனக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லி, எந்தக் கோடு எங்கே தளர்கிறது, எந்த நிறம் எதை அமுக்குகிறது என்று விரலால் காட்ட முடிந்தால், அவர் கற்றுவிட்டார். உலகமே போற்றும் படைப்பாக இருந்தாலும் சரி, பாடம் நடத்தியவருக்கே பிடித்ததாக இருந்தாலும் சரி. பேர்ட்வுட்டுக்கும் அந்த மாணவருக்கும் தீர்ப்பு ஒன்றாகக்கூட இருக்கலாம், ஆனால் ஒருவர் தீர்ப்போடு உள்ளே வந்தவர், இன்னொருவர் பார்த்துவிட்டு வெளியே போகிறவர். முன்னவரோடு பேச ஒன்றுமில்லை. பின்னவரோடு, அதே படிமத்தின் முன்னால் நின்று, அவர் காட்டிய கோட்டையே மறுபடி பார்த்து, நாள் முழுக்கச் சண்டை போடலாம். ரசனை வகுப்பால் தரக்கூடியது அந்தச் சண்டைக்கான தகுதி. பிடித்துப்போவதும் போகாததும் அவரவர் பாடு.